ஐந்து எண்ணினால் பக்கம் வரும்

யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் நான் பகுதிநேரமாகப் பராமரித்து வரும் கணினி ஆய்வுகூடத்தில் 60 கணினிகள் உள்ளன. அவை யாவும் இணையத்துக்குச் செல்வது ஒரேயொரு புரொக்சி சேர்வரின் ஊடாகத்தான். சேர்வர் என்று மரியாதைக்குச் சொல்கிறேனே தவிர, அது 4 ஜிபி நினைவகமும் 500 ஜிபி வன்தட்டும் கொண்ட ஒரு பழைய மேசைக் கணினி. அதில் உபுண்டு இயங்குதளமும், அதன்மேல் ஸ்குவிட் என்ற மென்பொருளும் ஓடுகின்றன. ஐப்பசி மழை இடியுடன் தொடங்கியிருந்த ஒரு கிழமையில், ஆய்வுகூடத்தில் இணையம் மந்தமாகிவிட்டதாக எனக்குத் தொலைபேசியில் அறிவித்தார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது முன்வரிசையில் இருந்த மாணவி ஒருத்தி, நான் எதுவும் கேட்பதற்கு முன்பே, "சேர், அஞ்சு மட்டும் எண்ணினால் பக்கம் வரும்" என்றாள். அதை நான் ஒரு முறைப்பாடாக மட்டுமே எடுத்துக்கொண்டேன். அது ஓர் அளவீடு என்பது எனக்கு உறைக்க இரண்டரைக் கிழமை ஆயிற்று.

ஸ்குவிட் என்பது நாங்கள் பாசையூர்ச் சந்தையில் வாங்குகின்ற கணவாய்தான். அந்தப் பெயரைச் சூட்டிக்கொண்ட இந்த மென்பொருள், ஹார்வெஸ்ட் என்ற ஆய்வுத் திட்டத்தின் நிரலிலிருந்து கிளைத்து, டுவேன் வெசல்ஸ் என்பவரின் கையால் 1996 இல் வெளிவந்தது. அந்த ஆண்டில் நாங்கள் இங்கே குப்பி விளக்கில் படித்துக்கொண்டிருந்தோம் என்று நினைக்கும்போதுதான் அதன் வயது எனக்குச் சரியாக விளங்குகிறது. அதன் வேலை எளிது. உலாவி கேட்கும் பக்கத்தைத் தானே போய் வாங்கி வந்து கொடுக்கும். வாங்கியதில் ஒரு பிரதியைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும். அடுத்தவர் அதையே கேட்டால் வெளியே போகாமல் உள்ளிருந்தே எடுத்துக் கொடுக்கும். இத்தகைய சேமிப்பைப் பாடநூல்கள் பதுக்கு நினைவகம் என்கின்றன. 2022 இல் பெற்றோலுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்ற எவருக்கும் பதுக்கல் என்ற சொல் வேறொன்றை நினைவூட்டும் ஆகையால், நான் கேஷ் என்றே எழுதுகிறேன்.

முதலில் நான் சந்தேகப்பட்டது இணைப்பைத்தான். யாழ்ப்பாணத்தில் எதற்கெடுத்தாலும் லைனைக் குறை சொல்லும் பழக்கம் எங்களுக்கு உண்டு. அதற்கு நியாயமும் இல்லாமல் இல்லை. கடலடிக் கேபிள்கள் கரையேறுவது கல்கிசையிலும் கொழும்பிலும் மாத்தறையிலும். அங்கிருந்து 400 கிலோமீற்றர் அளவு தரைவழியாக வந்துதான் எங்களை அடையவேண்டும். ஆனால் என் மடிக்கணினியை றூட்டரில் நேரே செருகிப் பார்த்தபோது, கட்டணத்துக்குரிய வேகம் குறைவின்றிக் கிடைத்தது. பக்கங்கள் தட்டியவுடன் திறந்தன. புரொக்சி ஊடாகப் போனால் மட்டுமே தாமதம். ஆகவே லைனில் குற்றம் இல்லை. பத்து நிமிடத்தில் முடிந்த இந்தப் பரிசோதனைக்குப் பிறகு, நெடுநாளாக நான் சரியான காரியம் எதுவும் செய்யவில்லை என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

வேகம் குறைந்தால் கேஷைப் பெருக்கு என்பது எங்கும் இலகுவாகக் கிடைக்கும் மருந்து. ஸ்குவிட் நினைவகத்தில் வைத்திருக்கும் கேஷின் அளவு இயல்பாக 256 எம்பி. அமைப்புக் கோப்பில் கேஷ் மெம் என்ற வரியைத் திருத்தி அதை 3 ஜிபி ஆக்கினேன். மூன்று நாட்கள் எந்த மாற்றமும் தெரியவில்லை. நான்காம் நாள் முற்பகலில் நிலைமை முன்பைவிட மோசமாகி, வன்தட்டின் சிறு விளக்கு இமைப்பதை விட்டு நிலையாக எரியத் தொடங்கிற்று. அந்த அளவு ஸ்குவிட் எடுத்துக்கொள்ளும் மொத்த நினைவகத்துக்கான வரம்பு அல்ல என்பதை நான் மறந்திருந்தேன். நினைவகத்தில் வைக்கப்படும் பக்கங்களுக்கு மட்டுமே அது வரம்பு. வன்தட்டில் சேமித்த ஒவ்வொரு பொருளுக்குமான அட்டவணையும் நினைவகத்திலேயே இருக்கவேண்டும். 64 பிற் இயங்குதளத்தில் வன்தட்டுக் கேஷின் ஒவ்வொரு ஜிபிக்கும் சுமார் 14 எம்பி என்று ஸ்குவிட்டின் ஆவணங்களே கணக்குச் சொல்கின்றன. எங்கள் வன்தட்டுக் கேஷ் 60 ஜிபி. அது நிரம்பினால் அட்டவணைக்கு மாத்திரம் 840 எம்பி வேண்டும். 3 ஜிபியும் 840 எம்பியும் போனால் 4 ஜிபி இயந்திரத்தில் இயங்குதளம் எங்கே இருக்கும்? அது ஸ்குவிட்டின் நினைவகத்தைத் துண்டு துண்டாக வன்தட்டின் ஸ்வொப் பகுதிக்குத் தள்ளிவிட்டது. விரைவாக எடுத்துக் கொடுப்பதற்கென்று நினைவகத்தில் வைத்ததையே வன்தட்டில் தேடி எடுக்கும் நிலை வந்த பிறகு, அந்தக் கேஷ் இருப்பதைவிட இல்லாமற் போவது மேல். விஎம்ஸ்ராற் என்ற கட்டளையின் வெளியீட்டில் ஸ்வொப்பிலிருந்து வருவதையும் அங்கே போவதையும் காட்டும் எஸ்ஐ, எஸ்ஓ என்று இரண்டு நிரல்கள் (நெடுவரிசைகள்) வரும். கேஷ் சேர்வர் ஒன்றில் அவ்விரண்டிலும் பூச்சியம் இருக்கவேண்டும். நான் அங்கே ஆயிரங்களைக் கண்டேன். அளவை 512 எம்பிக்கு இறக்கிச் சேவையை மறுபடி தொடக்கியதும், நான் கொண்டுவந்த நோய் போயிற்று. பழைய நோய் அப்படியே இருந்தது.

அடுத்ததாகப் பதிவேட்டைப் புரட்டினேன். அக்சஸ் லொக் என்ற கோப்பில் ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு வரி விழும். முதல் நிரலில் நேரம், இரண்டாவதில் அந்தக் கோரிக்கைக்கு எடுத்த மில்லி விநாடிகள், பிறகு கேட்ட கணினியின் முகவரி, கேஷில் கிடைத்ததா இல்லையா என்ற குறிப்பு, அளவு என்று அது தொடரும். இரண்டாவது நிரலின்படி இறங்குவரிசையில் அடுக்கிப் பார்த்தபோது, 200,000, 300,000 என்ற எண்களுடன் யூடியூபும் வட்ஸ்அப்பும் மேலே வந்து நின்றன. மாணவர்கள் காணொளி பார்ப்பதனால்தான் இணையம் மந்தமாகிறது என்று நிருவாகத்துக்கு ஒரு கடிதமும் எழுதிக் கொடுத்துவிட்டேன். அந்தக் கடிதத்தைப் பின்னர் நானே போய்த் திரும்பப் பெறவேண்டியதாயிற்று. ஏனெனில், மறைகுறியாக்கப்பட்ட எச்ரிரிபிஎஸ் பக்கம் ஒன்றுக்காக உலாவி புரொக்சியிடம் வைப்பது கனெக்ட் என்ற கோரிக்கை. இன்ன முகவரிக்கு ஒரு சுரங்கம் அமைத்துத் தா, உள்ளே போவது என்னவென்று நீ பார்க்கவேண்டாம் என்பது அதன் பொருள். அந்தச் சுரங்கம் மூடப்படும்போதுதான் பதிவேட்டில் வரி விழும். அதில் உள்ள நேரம் சுரங்கம் திறந்திருந்த முழு நேரம். ஒரு மாணவன் பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டு அருகில் இருப்பவனுடன் நான்கு நிமிடம் கதைத்துக்கொண்டிருந்தாலும், பதிவேட்டில் அது 240,000 மில்லி விநாடியாகவே நிற்கும். அதற்கும் மந்தத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

கனெக்ட் வரிகளை எல்லாம் வடிகட்டிவிட்டு எஞ்சியவற்றைப் பார்த்தபோது காட்சி மாறியது. மிகச் சிறிய கோரிக்கைகள், சில நூறு பைற் மட்டுமே கொண்டவை, 5,048 என்றும் 5,060 என்றும் 5,112 என்றும் எடுத்திருந்தன. அவற்றுக்கு இடையிடையே 70, 85 என்று மிக விரைவானவையும் இருந்தன. 1,000 இல்லை, 2,000 இல்லை, 3,000 இல்லை. ஒன்றில் ஒரு நொடிப்பொழுது, இல்லையேல் ஐந்து விநாடியும் சொச்சமும். நெரிசலினால் உண்டாகும் தாமதம் இப்படி இருக்காது. சந்தியில் வாகனங்கள் நெருக்கிக்கொண்டால் ஒருவர் இரண்டு நிமிடம் நிற்பார், இன்னொருவர் ஏழு நிமிடம் நிற்பார். வருகிறவர் எல்லோரும் ஒரே அளவாக நிற்கிறார்கள் என்றால், அங்கே புகையிரதக் கடவை மூடியிருக்கிறது என்று அர்த்தம். வேலை கூடியதனால் ஸ்குவிட் களைத்துப்போகவில்லை. எதற்காகவோ கைகட்டிக் காத்து நிற்கிறது. அந்த மாணவி எண்ணிய ஐந்து எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

ஸ்குவிட் தன் உடல்நிலையைத் தானே சொல்லக்கூடியது. எங்கள் பதிப்பில் ஸ்குவிட்கிளையன்ற் என்ற கட்டளையுடன் எம்ஜிஆர் இன்ஃபோ என்று கேட்டால் ஒரு நீண்ட அறிக்கை வரும். அதன் நடுப்பகுதியில், கடந்த 5 நிமிடத்துக்கும் கடந்த 60 நிமிடத்துக்குமான சேவை நேரங்களின் இடையம் ஒரு சிறு அட்டவணையாக இருக்கும். கேஷில் கிடைத்தவற்றுக்கு எவ்வளவு, கிடைக்காதவற்றுக்கு எவ்வளவு, பெயர்த் தேடலுக்கு எவ்வளவு என்று தனித்தனி வரிகள். மந்தமான புரொக்சி ஒன்றின் முன் அமரும் எவரும் வேறெதையும் தொடுவதற்கு முன் இந்த அட்டவணையைத்தான் பார்க்கவேண்டும் என்பது என் கருத்து. நான் பார்த்தது பதினேழாம் நாள். பெயர்த் தேடலுக்கு எதிரே 5 விநாடிக்குச் சற்று மேற்பட்ட எண் ஒன்று இருந்தது. ஒழுங்கான இணைப்பில் அது ஒரு விநாடியின் சிறு பின்னமாக இருந்திருக்கவேண்டும்.

பெயர்த் தேடல் என்பது ஓர் இணையத்தளத்தின் பெயரைக் கொடுத்து அதன் எண் முகவரியைப் பெறுவது. டிஎன்எஸ் என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். இந்த வேலைக்கு ஸ்குவிட் இயங்குதளத்தின் தயவை நாடுவதில்லை, தனக்குள்ளேயே ஒரு தேடலியை வைத்திருக்கிறது. அது யாரிடம் கேட்கவேண்டும் என்பதை அமைப்புக் கோப்பில் டிஎன்எஸ் நேம்சேர்வர்ஸ் என்ற வரியில் எழுதி வைக்கலாம்; எழுதாவிட்டால் இயங்குதளத்தின் பட்டியலை எடுத்துக்கொள்ளும். பட்டியலில் முதலாவதிடம் கேட்டுவிட்டு, பதில் வராவிட்டால் இயல்பான அமைப்பின்படி 5 விநாடி பொறுத்து, அடுத்ததிடம் கேட்கும். ஒரு முறை பதில் தராதவரை அது பட்டியலின் கடைசிக்குத் தள்ளிவிடுவதில்லை. அடுத்த பெயருக்கும் மறுபடி முதலாமவரிடமே போய் நிற்கும், மறுபடி 5 விநாடி. எம்ஜிஆர் ஐடிஎன்எஸ் என்று கேட்டபோது அந்தப் பட்டியலே கண்முன் வந்தது. முதல் வரியில் 192.168.1.1, அதனிடம் கேட்ட கேள்விகள் 18,000 க்கு மேல், கிடைத்த பதில்கள் 0. இரண்டாம் வரியில் கூகிளின் பொது டிஎன்எஸ் சேவையான 8.8.8.8, கேள்விகளும் பதில்களும் ஏறத்தாழச் சமன்.

192.168.1.1 எங்கள் பழைய றூட்டரின் முகவரி. ஐப்பசி இடியில் அது எரிந்துபோய், நான் கொழும்பில் நின்ற ஒரு நாளில், அலுவலகத்தில் இருந்த தம்பி ஒருவர் ஸ்ரான்லி வீதியில் புதியதொன்றை வாங்கி வந்து பொருத்தியிருந்தார். புதிய றூட்டரின் முகவரி 192.168.1.254. இயங்குதளம் அதைத் தானாகவே அறிந்து தன் பட்டியலைத் திருத்திக்கொண்டது. அதனாலேயே சேர்வரின் திரையில் நான் எந்தப் பெயரைத் தேடினாலும் உடனே பதில் வந்தது, நானும் பெயர்த் தேடலில் பிழை இல்லை என்று முதல் நாளே முடிவு கட்டியிருந்தேன். ஆனால் ஸ்குவிட்டின் அமைப்புக் கோப்பில், எனக்கு முன் இருந்தவர் எழுதிய வரி பழைய முகவரியோடு உறைந்து கிடந்தது. போதாக்குறைக்கு, வெறுமையாகிப்போன அந்த 192.168.1.1 ஐ யாரோ அலுவலக வைஃபை பெட்டிக்குக் கொடுத்திருந்தார்கள். அதை நான் பிங் செய்து பார்த்தபோது பதில் வந்தது. ஆள் உயிரோடு இருக்கிறார். ஆனால் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லும் ஆள் அவர் அல்லர்.

சந்தேகத்துக்கு இடம் வைக்காமல் வலையமைப்பில் போய்வருவதைக் காட்டும் ரிசிபிடம்ப் கட்டளையை, பெயர்த் தேடலுக்குரிய 53 ஆம் துறையில் ஓடவிட்டு, ஒரு கணினியில் புதிய தளம் ஒன்றைத் திறக்கச் சொன்னேன். 10:41:07 இல் ஒரு கேள்வி 192.168.1.1 ஐ நோக்கிப் போனது. அதன்பின் திரை அசையவில்லை. எனக்குப் பின்னால் நின்ற ஆய்வுகூட உதவியாளர் மெல்ல எண்ணத் தொடங்கினார். அவர் ஐந்து என்று சொல்லி வாய் மூடுவதற்கும், 10:41:12 இல் அதே கேள்வி 8.8.8.8 இடம் போவதற்கும் சரியாக இருந்தது. அடுத்த கணமே பதில் வந்தது, அந்தக் கணினியில் பக்கமும் திறந்தது. "அண்ணை, இது இரண்டரைக் கிழமையாய் இப்பிடியே நிண்டிருக்குது" என்றார் அவர். நான் ஒன்றும் பேசவில்லை.

அமைப்புக் கோப்பில் அந்த வரியை நீக்கி, புதிய அமைப்பை ஏற்கும்படி ஸ்குவிட்டிடம் சொன்னதோடு விடயம் முடிந்தது. வரியைத் திருத்தாமல் நீக்கியதற்குக் காரணம், றூட்டர் இன்னொரு முறை எரிந்தாலும் ஸ்குவிட் இயங்குதளத்தின் பட்டியலைப் பின்பற்றட்டும் என்பதுதான். இந்த நோயின் விசித்திரங்களும் அதன்பின் ஒவ்வொன்றாக விளங்கின. ஒரு முறை திறந்த தளம் மறுமுறை விரைவாகத் திறந்தது, கண்டறிந்த முகவரியை ஸ்குவிட் சிறிது காலம் நினைவில் வைத்திருப்பதனால். அதையே நான் கேஷ் நன்றாக வேலை செய்வதற்கான சான்றென்று எண்ணியிருந்தேன். காலையில் மோசமாகவும் பதினொரு மணிக்குப் பின் ஓரளவு பரவாயில்லாமலும் இருந்ததற்கும் காரணம் அதுவே. ஆனால் பெரிய தளங்கள் தம் முகவரிகளுக்குச் சில நிமிட ஆயுளே கொடுப்பதனால், நாள் முழுவதும் தாமதம் அங்கங்கே தலைகாட்டிக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் தன் எழுத்துருவை ஓரிடத்திலும், நிரலை இன்னோரிடத்திலும், அந்த நிரல் கேட்கும் படத்தை வேறோரிடத்திலும் வைத்திருந்தால், ஒன்றன்பின் ஒன்றாக மூன்று முறை ஐந்து எண்ணவேண்டியிருந்தது.

பெரிய தாமதம் நீங்கியபின் அதன் நிழலில் ஒளிந்திருந்த சிறியவை வெளிப்பட்டன. 60 கணினியிலும் ஒரே நேரத்தில் வகுப்பு நடக்கும்போது, புதிய இணைப்புகள் சில நிமிடங்கள் நின்று நின்று போயின. திறந்திருக்கும் ஒவ்வொரு கோப்புக்கும் இயங்குதளம் கொடுக்கும் எண்களான கோப்பு விபரிகள் தீர்ந்துகொண்டிருக்கின்றன என்ற எச்சரிக்கை கேஷ் லொக் என்ற கோப்பில் வரிசையாகக் கிடந்தது. இயங்குதளத்தைப் பொறுத்தவரை ஒவ்வோர் இணைப்பும் ஒரு கோப்பு. ஒரு சுரங்கத்துக்கு மாணவர் பக்கம் ஒன்றும் வெளிப்பக்கம் ஒன்றுமாக இரண்டு வேண்டும். ஓர் உலாவி சராசரியாகப் பத்துச் சுரங்கம் திறந்தால், 60 கணினிக்கு 1,200. எங்கள் சேர்வரில் எல்லை 1,024. அதை 16,384 ஆக உயர்த்தியதும் அந்த எச்சரிக்கை மறுபடி வரவில்லை. தடைசெய்த தளங்களின் பட்டியலை யாரோ 1,900 வரிகள் கொண்ட வடிவத் தேடலாக (ரெஜெக்ஸ்) எழுதி வைத்திருந்தார்கள். ஒவ்வொரு கோரிக்கையையும் பட்டியலின் மேலிருந்து கீழ்வரை ஒப்பிட்டுக்கொண்டிருந்தது ஸ்குவிட். அதனைத் தளப்பெயர்ப் பட்டியலாக மாற்றியதில் செயலியின் சுமை கண்கூடாகக் குறைந்தது. வன்தட்டுக் கேஷின் வகையை யூஎஃப்எஸ் என்பதிலிருந்து ஏயூஎஃப்எஸ் ஆக்கினேன். இரண்டும் வன்தட்டில் ஒரே வடிவில் எழுதுவதனால் சேமித்தவற்றை அழிக்கவேண்டி வரவில்லை. முந்தையதில் வன்தட்டுக்காக முழு ஸ்குவிட்டும் காத்து நிற்கும், பிந்தையதில் அந்தக் காத்திருப்பைத் தனி இழைகள் ஏற்கும்.

ஆயினும், வகுப்புகள் முடிந்து கணினிகள் எல்லாம் அணைக்கப்பட்ட பின்பும் லைன் நிரம்பி வழிந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த புதிர். ஒரு மாலை ஐந்தரை மணிக்கு, ஆய்வுகூடத்தில் ஒரு திரைகூட எரியாத வேளையில், சேர்வர் முழு வேகத்தில் எதையோ பதிவிறக்கிக்கொண்டிருந்தது. முன்னொரு காலத்தில் விண்டோஸ் புதுப்பிப்புகளைக் கேஷில் வைப்பதற்காக, இணையத்தில் கிடைத்த ஒரு செய்முறையை யாரோ அப்படியே ஒட்டியிருந்தார்கள். விண்டோஸ் தனக்கு வேண்டிய கோப்பை முழுதாகக் கேட்பதில்லை. துண்டு துண்டாகக் கேட்கும். துண்டுகளாக வருவதை ஸ்குவிட் சேமிக்க இயலாது. ஆகவே அந்தச் செய்முறை, யார் எந்தத் துண்டைக் கேட்டாலும் கோப்பை முழுதாக எடு, கேட்டவர் இடையில் விலகிப் போனாலும் எடுத்து முடி என்று கட்டளையிடுகிறது. நோக்கம் நல்லதுதான். ஆனால் சேமிக்கக்கூடிய பொருளின் உச்ச அளவு இயல்பாக 4 எம்பி. அதை உயர்த்தும் வரி கோப்பில் இருந்தது. ஆனால் கேஷ் அடைவைக் குறிக்கும் வரிக்குக் கீழே இருந்தது, எங்கள் பழைய பதிப்பிலோ அது மேலே இருந்தால்தான் செல்லும். விளைவாக, நூற்றுக்கணக்கான எம்பி கொண்ட கோப்பை ஸ்குவிட் கடைசிவரை இழுத்து எடுத்து, அளவு கூடிவிட்டது என்று எறிந்துவிட்டு, அடுத்த கணினி அதே கோப்பின் இன்னொரு துண்டைக் கேட்டதும் மறுபடி முதலிலிருந்து இழுத்தது. வரியை மேலே தூக்கி வைத்தேன். பல கணினிகள் ஒரே பொருளை ஒரே சமயத்தில் கேட்டால் ஒருமுறை மட்டும் எடுக்கும்படி செய்யும் வசதியையும் இயக்கிவிட்டேன். அடுத்த புதுப்பிப்பு வந்த நாளில் ஒரு கோப்பு ஒருமுறை உள்ளே வந்தது. மிகுதி 59 கணினிகளும் அதை வன்தட்டிலிருந்து பெற்றன.

கேஷினால் இன்று கிடைக்கும் பயன் பெரும்பாலும் இவ்வளவுதான் என்பதையும் சொல்லவேண்டும். லெற்ஸ் என்கிறிப்ற் என்ற அமைப்பு 2015 இன் இறுதியில் எச்ரிரிபிஎஸ்ஸுக்கு வேண்டிய சான்றிதழை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கி, 2018 யூலையில் குரோம் உலாவி சாதாரண எச்ரிரிபி பக்கங்கள் எல்லாவற்றையும் பாதுகாப்பற்றவை என்று குறிக்கத் தொடங்கிய பிறகு, சுரங்கத்துக்கு வெளியே எஞ்சியிருப்பது சொற்பம். எங்கள் சேர்வரில் நூறு கோரிக்கையில் ஐந்தோ ஆறோதான் கேஷில் கிடைக்கின்றன. சான்றிதழ் ஒன்றைக் கணினிகளில் நிறுவிச் சுரங்கத்தை உடைத்து உள்ளே பார்க்கும் வசதி ஸ்குவிட்டில் உண்டு. அதைச் செய்யலாமே என்று நிருவாகத்தில் ஒருவர் கேட்டார். விரிவுரையாளர்கள் அந்த ஆய்வுகூடத்திலிருந்துதான் தங்கள் வங்கிக் கணக்கைப் பார்க்கிறார்கள் என்று சொன்னதும் அந்தப் பேச்சு நின்றுவிட்டது.

கடைசியாக மின்தடை. 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணிநேரம் வரை மின்சாரம் இல்லாதிருந்த காலம் போய்விட்டாலும், மழைக்காலத்தில் எங்கள் பகுதியில் கிழமைக்கு இரண்டு முறையாவது கரண்ட் போகும். போய்வந்த பின் அரை மணிநேரம் புரொக்சி தவழும். ஸ்குவிட் தன் வன்தட்டு அட்டவணையை ஸ்வொப் ஸ்ரேற் என்ற கோப்பில் எழுதி வைக்கிறது. ஒழுங்காக மூடப்பட்டிருந்தால், அடுத்த தொடக்கத்தில் அதை வாசித்து விரைவில் எழுந்துவிடும். இடையில் அறுந்திருந்தால் அக்கோப்பு அழுக்கானது என்று கேஷ் லொக்கில் குறித்துவிட்டு, சேமித்தவற்றை ஒவ்வொன்றாகச் சரிபார்த்து அட்டவணையைப் புதிதாகக் கட்டும். அந்த வேலையும் மாணவர்களின் கோரிக்கைகளும் ஒரே வன்தட்டுக்காக முட்டிக்கொள்ளும். எங்களிடம் யூபிஎஸ் இருக்கிறது, கரண்ட் போனதும் சேர்வரை மூடும் நிரலும் இருக்கிறது; பின் ஏன் ஒவ்வொரு முறையும் அழுக்கு என்று வருகிறது என்பது சில நாட்கள் விளங்கவில்லை. ஒரு நாள் வேண்டுமென்றே சுவரில் சுவிட்சை அணைத்துவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மூடு என்ற கட்டளை கிடைத்ததும், திறந்திருக்கும் இணைப்புகள் முடிவதற்காக ஸ்குவிட் இயல்பாக 30 விநாடி பொறுத்திருக்கும். சுரங்கங்கள் தாமாக முடிவதில்லை. ஆகவே முப்பதும் கழியும். எங்கள் யூபிஎஸ்ஸின் கிழட்டு மின்கலம் 22 விநாடியில் உயிரை விட்டது.

பொறுக்கும் நேரத்தை 5 விநாடியாகக் குறைத்துவிட்டேன். புதிய மின்கலத்துக்கான கோரிக்கைக் கடிதம் கணக்குப் பிரிவில் இருக்கிறது. சென்ற வெள்ளிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்குக் கரண்ட் போய், இரண்டே முக்காலுக்கு வந்தது. கேஷ் லொக்கைத் திறந்து பார்த்தேன்; அட்டவணை சுத்தமான கோப்பிலிருந்து வாசிக்கப்பட்டிருந்தது, மூன்று மணி வகுப்பு நேரத்துக்குத் தொடங்கிவிட்டது.